மூலையில் நின்ற வெள்ளை மந்திரி... குகேஷ் ஜெயித்த இரவில் அப்பாவுடன் ஓர் ஆட்டம்!

குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த நிமிடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை மாலை. நான் டம்டம் பாறைக்கும் ஊத்துக்கும் நடுவே, கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸுக்குள் இருந்தேன். வெளியே மழை. கையில் போன். போனில் சிக்னல் இல்லை.

சிங்கப்பூரில் நடந்த அந்த உலக சாம்பியன்ஷிப்பின் செய்திகளை எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் முதல் நாளிலிருந்து எழுதி வந்தது நான்தான். நவம்பர் 25-ல் தொடங்கிய போட்டி. முதல் ஆட்டத்தில் டிங் லிரென் ஜெயித்தார், 3-வதில் குகேஷ். அதன்பிறகு 4-வது ஆட்டத்திலிருந்து 10 வரை வரிசையாக ஏழு டிரா. 11-வது குகேஷுக்கு, மறுநாளே 12-வது டிங்குக்கு. 13-வதும் டிரா ஆகி, ஆளுக்கு ஆறரைப் புள்ளியில் நின்றது. மிச்சம் 14-வது ஆட்டம் மட்டும். அன்றைக்குத்தான் நான் லீவ் எடுத்து ஊருக்குக் கிளம்பியிருந்தேன்.

காரணம் அப்பாவின் கண்.

மூன்று டிராஃப்ட்டுகள்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். முடிவு வருவதற்கு முன்பே செய்தி தயாராகிவிடும். தேர்தலோ, கிரிக்கெட்டோ, எதுவானாலும் இரண்டு மூன்று டிராஃப்ட் எழுதி வைத்துவிடுவோம். முடிவு வந்ததும் ஒன்றைத் தட்டிவிட வேண்டியதுதான்.

நானும் மூன்று எழுதி வைத்துவிட்டுத்தான் சென்னையில் பஸ் ஏறினேன். டிங் ஜெயித்தால் ஒன்று, குகேஷ் ஜெயித்தால் ஒன்று, டிரா ஆனால் ஒன்று. டிரா டிராஃப்ட்தான் முழுசாக, படத்துக்குக் கீழே போடும் வரி வரைக்கும் தயாராக இருந்தது. '14-வது ஆட்டமும் டிரா, நாளை டை-பிரேக்கர்!' குகேஷ் ஜெயிக்கும் டிராஃப்ட்டில் மூன்றே மூன்று வரிகள்.

நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டிங்கிடம். அவருக்கு டிரா போதும். மறுநாள் டை-பிரேக்கரில் ரேபிட் ஆட்டங்கள். 2023-ல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை டிங் வென்று சாம்பியன் ஆனதே அப்படியொரு ரேபிட் டை-பிரேக்கரில்தான். வேக ஆட்டத்தில் அவர் கைதான் ஓங்கியிருக்கும் என்று பலரும் சொன்னார்கள்.

திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஆட்டத்தின் தொடக்கத்தைப் பார்த்தேன். டிங்கின் முதல் நகர்வைப் பார்த்ததும் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. ராஜா பக்கத்துக் குதிரையை எடுத்து எஃப்3-ல் வைத்திருந்தார்.

அது அப்பாவின் நகர்வு.

'முதல்ல குதிரையை வெளிய விடு'

எங்கள் வீடு பெருமாள்மலையில். வத்தலக்குண்டு ரோடும் பழநி ரோடும் சேருகிற இடம். சுற்றிலும் காபி, பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் தோட்டங்கள். அப்பா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். தோட்டத்துச் சரக்கை ஏற்றிக்கொண்டு இறங்குவார். காலியாக ஏறுவார். முப்பது வருஷமாக இதே ரோடு.

வண்டி ஸ்டாண்டில் சவாரிக்காகக் காத்திருந்த டிரைவர்களிடம்தான் அப்பா செஸ் கற்றுக்கொண்டார். 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது பேப்பரில் வந்த படத்தை வெட்டி, வெகுகாலம் டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்தார். புத்தகம் எதுவும் படித்ததில்லை. அவருக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றே ஒன்றுதான்.

"முதல்ல குதிரையை வெளிய விடு பாப்பா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார். ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கும்போதுதான் அந்தத் தொடக்கத்துக்கு ரெட்டி என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. போனில் சொன்னேன். "ரெட்டியா? ஆந்திராக்காரரா?" என்று கேட்டார்.

இல்லை. ரிச்சர்ட் ரெட்டி, அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்து செக்கோஸ்லோவாக்கியாவுக்காக ஆடியவர். பலகையின் நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் உடனே பிடிக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 'அவசரமில்லை, தூரத்தில் நின்று நடுவைக் கண்காணித்தால் போதும்' என்று ஆடிக் காட்டினார். 1924-ல் நியூயார்க்கில், எட்டு வருடங்களாகத் தோல்வியே காணாத உலக சாம்பியன் கேபபிளாங்காவை, இதே குதிரை நகர்வில் தொடங்கித்தான் வீழ்த்தினார். சரியாக நூறு வருடம் கழித்து சிங்கப்பூரிலும் அதே குதிரை.

இரண்டாவது நகர்வில் டிங் ஜி3 சிப்பாயைத் தள்ளினார். மூன்றாவதில் மந்திரியை ஜி2-ல் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் பலகையின் குறுக்கே நீளமான ஒரு பாதை, எதிர்மூலையான ஏ8 வரைக்கும். வெள்ளைக் கட்டங்கள் மட்டுமே உள்ள பாதை. இந்த மந்திரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நாலாவது நகர்வில் டி4. இதற்கு வல்லுநர்கள் 'தலைகீழ் குருன்ஃபெல்டு' என்று பெயர் சொன்னார்கள். குருன்ஃபெல்டு என்பது கறுப்பு ஆடுகிறவர்களின் தற்காப்பு. அதையே வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு, ஒரு நகர்வு கூடுதலாகக் கையில் இருக்க ஆடுவது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: டிங்குக்குச் சண்டை வேண்டாம். பத்திரமாகக் கரைசேர வேண்டும்.

ஒரு சிப்பாய் விலை

வத்தலக்குண்டில் பஸ் நின்று டீ குடித்தபோது இரண்டு ராணிகளும் பலகையை விட்டுப் போயிருந்தன. அதற்காக டிங் ஒரு சிப்பாயையே விட்டுக்கொடுத்திருந்தார். 29-வது நகர்வில் அந்தச் சிப்பாயை முன்னால் நீட்டி, "இதை எடுத்துக்கொள், ராணிகளை மாற்றிக்கொள்வோம்" என்கிற மாதிரி. அடுத்து ஒரு ஜோடி யானையும் போனது. மிச்சம் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. சிப்பாய்கள் குகேஷிடம் 3, டிங்கிடம் 2.

ஒரு சிப்பாய் கூடுதல்தான். ஆனாலும் கவனமாக ஆடினால் அது டிரா என்று கணினியும் சொன்னது, வர்ணனையாளர்களும் சொன்னார்கள். நான் டெஸ்க்குக்கு மெசேஜ் போட்டேன்: 'டிரா டிராஃப்ட்டை ரெடியா வெச்சுக்கோங்க.'

காட்ரோடு தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. கறுப்பின் 40-வது நகர்வு முடியும்வரை யாரும் டிரா கேட்கக் கூடாது. டம்டம் பாறை அருகே கடைசியாகத் திரை புதுப்பிக்கப்பட்டபோது 40 தாண்டியிருந்தது. 'இப்போது கேட்டுக்கொள்வார்கள்' என்று நினைத்தேன். அதோடு சிக்னல் போய்விட்டது.

இருட்டில், மழையில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு வேறொரு ஆட்டம் ஞாபகம் வந்தது. எட்டு வருடமாக நான் நினைக்க விரும்பாத ஆட்டம்.

2016. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டி, கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல். நேரமும் இருந்தது. எதிரில் இருந்த பெண் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். சரக்கு ஏற்றுவதை விட்டுவிட்டு அப்பா வந்திருந்தார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டி டிரா கேட்டேன்.

அவள் உடனே கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நாலாவது இடம். திரும்பும் வழியில் வத்தலக்குண்டு வந்த பிறகுதான் அப்பா கேட்டார். "ஏன் பாப்பா கேட்ட?"

"அந்தப் பொண்ணு நல்லா ஆடுச்சுப்பா."

அது பொய். ஜெயிக்க முடியுமா என்று நான் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்தால் போதும் என்றிருந்தது. அப்பா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, "பசிக்குதா?" என்பதைத் தவிர. பப்ளிக் எக்ஸாம் என்று சொல்லி அன்றைக்கு எடுத்து வைத்த செஸ் பலகையை நான் பிறகு தொடவே இல்லை.

18 நகர்வுகள்

பெருமாள்மலையில் இறங்கினேன். சிக்னல் வந்தது. போன் கையிலேயே நடுங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக நோட்டிஃபிகேஷன். அதில் டெஸ்க்கிலிருந்து ஒரு மெசேஜ்: 'உன் ஜெயிப்பு டிராஃப்ட்ல மூணு வரிதான் இருந்துச்சு. பரவாயில்ல, எழுதிட்டோம்.'

டீக்கடை வாசலில் அப்பா குடையோடு நின்றுகொண்டிருந்தார். "ஜெயிச்சுட்டான் பாப்பா!" என்றார். குகேஷ் ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. கடைக்காரர் போனில் தமிழ் வர்ணனையோடு முழுசாகப் பார்த்திருக்கிறார். இல்லை, கேட்டிருக்கிறார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பாவே பலகையை எடுத்து வந்தார். தூசி தட்டினார். "கடைசியில என்ன நடந்துச்சுன்னு காமி. அவங்க யானை யானைன்னு கத்துனாங்க, எனக்குப் பிடிபடலை."

போனைப் பார்த்து, 55-வது நகர்வுக்கு முந்தைய நிலையை அடுக்கினேன். பலகையில் மொத்தமே ஒன்பது காய்கள். வெள்ளைக்கு ராஜா, யானை, மந்திரி, ஒரு சிப்பாய். கறுப்புக்கு ராஜா, யானை, மந்திரி, இரண்டு சிப்பாய்.

"டிங் இங்க என்ன செஞ்சாருன்னா, யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, 'யானையை மாத்திக்கலாம்'னு நின்னாரு. குகேஷ் வெட்டிட்டாரு. ராஜா திருப்பி வெட்டினாரு. இப்ப குகேஷ் தன் மந்திரியை டி5-ல வெச்சாரு. அவ்வளவுதான்ப்பா, முடிஞ்சுது."

அப்பா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் முடிஞ்சுது? வெள்ளைக்கு மந்திரி எங்க? வெட்டுப்பட்டிருச்சா?"

"இல்லப்பா. மூலையில இருக்கு பாருங்க."

"எந்த மூலை?"

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். வெள்ளை மந்திரி ஏ8-ல் இருந்தது, வெள்ளைக் கட்டத்தில், அவருக்கு ஒரு முழ தூரத்தில். அப்பாவின் கை பலகை விளிம்பைத் தடவிக்கொண்டே போய் அந்தக் காயில் இடித்து நின்றது.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றது.

"டிங்குக்கே அது தெரியலையாம். எனக்கு எப்படித் தெரியும்?" என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம் முன்பு ஊரில் நடந்த கண் முகாமில் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறை போனில் கேட்கும்போதும் ஒரே பதில்தான். "லேசாத்தான் மங்கலா இருக்கு. இப்படியே ஓட்டிக்கலாம்."

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா டம்டம் பாறை வளைவுல வண்டியைத் திருப்புறீங்க?"

"ரோடு எனக்கு மனப்பாடம் பாப்பா."

"எதிர்ல வர்ற வண்டியும் மனப்பாடமா?"

"கேளு, நல்லா கேளு" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்தே.

அப்பா பேச்சை மாற்றினார். "சரி, அந்த மந்திரி ஏன் அங்க போச்சு? அதைச் சொல்லு முதல்ல."

போனில் ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டினேன். ஒவ்வொரு நகர்வாகச் சொல்லச் சொல்ல, அந்த மந்திரியை மட்டும் அப்பா கையால் நகர்த்திக்கொண்டே வந்தார். மூன்றாவது நகர்வில் ஜி2. 21-ல் சி6. 24-ல் எஃப்3. 32-ல் ஏ8. அப்புறம் டி5, மறுபடி எஃப்3, மறுபடி டி5, பி7. 53-ல் மீண்டும் ஏ8. பாதி வழியில்தான் நானே கவனித்தேன். அந்த மந்திரி ஆட்டம் முழுக்க அந்த ஒரே குறுக்குப் பாதையை விட்டு விலகவே இல்லை. ரெட்டி தொடக்கம் எந்தப் பாதையைக் காவல் காக்க அதை அங்கே நிறுத்தியதோ, அதே பாதையின் மறுமுனையில் போய் மாட்டிக்கொண்டது. குகேஷின் மந்திரி டி5-க்கு வந்ததும் வழி அடைபட்டது. வெட்டலாம், இல்லை வெட்டுப்படலாம். எதுவானாலும் மந்திரிகள் போய், ராஜாக்களும் சிப்பாய்களும் மிச்சம். டிங்குக்கு ஒரு சிப்பாய், குகேஷுக்கு இரண்டு. அதற்குமேல் தாங்காது. 58-வது நகர்வில் டிங் விட்டுக்கொடுத்தார்.

"ஒரே ரோட்டுல ஓடுன வண்டி" என்றார் அப்பா மெதுவாக. "ரோடு மனப்பாடம்னு நெனச்சிருக்கும்."

நான் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார். "நாப்பதுக்கு அப்புறம் டிரா கேக்கலாம்ல? அந்தப் பையன் ஏன் கேக்கலை?"

அதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடாத கேள்வி. 40-லிருந்து 58 வரை 18 நகர்வுகள். அவற்றில் குகேஷ் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. யானையை இங்கே, ராஜாவை அங்கே, சிப்பாயை ஒரு கட்டம். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். கடிகாரத்தில் அவருக்கு நேரம் நிறைய இருந்தது, டிங்கிடம் குறைவு. டிங் யானையை எஃப்2-ல் வைத்தபோதுகூட, அது தவறு என்பதைத் தான் உடனே கவனிக்கவில்லை என்று குகேஷே பிறகு சொன்னார். கவனித்ததும் முகத்தில் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. ஆட்டம் முடிந்ததும் 18 வயதுப் பையன் அழுதுகொண்டே, கலைந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கினார். 1985-ல் 22 வயதில் கேஸ்பரோவ் படைத்த சாதனையை முறியடித்த பிறகு அவர் செய்த முதல் வேலை அது.

எல்லோரும் குகேஷில் தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டிங்கைத்தான் தெரிந்தது. அமைதிக்காக ஒரு சிப்பாயைக் கொடுத்தவர். முடிந்தால் போதும் என்று யானையை நீட்டியவர். அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரியும். 2016-ல் திண்டுக்கல்லில் நீண்டதும் அதே கைதான்.

அப்பாவிடம் அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கு அந்தப் பொண்ணு நல்லா ஆடலைப்பா. நான்தான் பயந்துட்டேன்."

"தெரியும்" என்றார். "நான் பலகையைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். அப்பல்லாம் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது."

'டிரா கிடையாதுப்பா'

காலையில் அப்பா பழைய பாட்டை ஆரம்பித்தார். "காபிப் பழம் பறிச்சு முடியட்டும். இப்ப வண்டியை நிறுத்துனா சரக்கு வேற ஆளுக்குப் போயிரும். பொங்கல் கழிச்சுப் பாக்கலாம்."

"டிரா கிடையாதுப்பா" என்றேன்.

டெஸ்க்குக்கு மெசேஜ் போட்டு லீவை நீட்டித்தேன். பிக்கப் சாவியை அம்மா அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். 16-ம் தேதி திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினோம். அப்பாவை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தேன். முப்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்து இறங்கிய ரோட்டில் முதல்முறையாகக் கையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். வளைவுக்கு வளைவு அவர் வலது கால் மட்டும் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

கண்புரை ஆபரேஷனில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். முழு மயக்கமெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். அப்பாவுக்கும் அப்படித்தான். ஆறு மாதம் தள்ளிப்போட்ட விஷயம் ஒரு காப்பி ஆறும் நேரத்தில் முடிந்திருந்தது. இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் 'இப்படியே ஓட்டிக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் யாராவது இருப்பார்கள். போனில் கேட்காதீர்கள். எதிரில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பலகை ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தது. அப்பாவுக்கு வெள்ளை. குதிரையை எடுத்து எஃப்3-ல் வைத்தார். பிறகு ஜி3. பிறகு மந்திரியை ஜி2-ல் நிறுத்தி, கண்ணைச் சுருக்காமல் எதிர்மூலை வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து என்னிடம் ஒரு சிப்பாய் குறைவு. ராஜாவும் நெருக்கடியில் இருந்தார். அப்பா தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"என்ன பாப்பா, டிரா வேணுமா?"

"வேணாம்ப்பா. ஆடுங்க."

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். முழுசாக ஆடித் தோற்றேன்.